இரட்டைக் குளத்தருகே பேசிய சம்பந்தம்

1

ஜேர்மனியில் ஒருவர் தூரதேசம் போய் வந்தால், வீடு வந்து சேர்வதோடு அந்தப் பயணம் முடிந்துவிடாது. எடுத்த படங்களையெல்லாம் கழுவுவித்து, தீப்பெட்டி அளவுச் சட்டங்களில் பூட்டி, ஒரு சனிக்கிழமை மாலை அயலவரையும் இனசனத்தையும் கூப்பிட வேண்டும். வரவேற்பறையில் வெள்ளைத் திரை கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இதற்கு 'டியா-ஆபெண்ட்' என்று பெயர். படம் காட்டும் மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சியில் குத்திய பாற்கட்டித் துண்டும் திராட்சையும் தருவார்கள். இருட்டில் நடுவில் எழுந்து போக முடியாது. நம்மூரில் கலியாண அல்பத்தை மடியில் வைத்துவிட்டு ஆளை எழும்பவிடாமல் பிடித்துக்கொள்வார்களே, அதே வதைதான், ஆனால் நேரம் கூட.

அப்படி ஒரு மாலைக்கு ஹோல்ட்காம்ப் அம்மையாரிடமிருந்து அழைப்பு வந்தது. எசன் நகரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை அவர். என் மனைவி றெனாட்ட அவரிடம் படித்தவள். அண்மையில் நான் ஜேர்மன்காரர் சிலரை இலங்கையின் இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனபோது, அந்தக் கூட்டத்தில் அம்மையாரும் இருந்தார். பார்த்ததையெல்லாம் அவர் படம் எடுத்தார். நாயைக்கூட விடவில்லை.

மற்ற நேரமென்றால் தலைவலி என்று சொல்லித் தப்பியிருப்பேன். இந்த முறை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அந்தப் பயணத்தில் அனுராதபுரத்து இரட்டைக் குளத்தின் கரையில், ஒரு மரத்தடியில், என் தங்கை தவமணியின் கலியாணப் பேச்சு நடந்தது. அது பழமா காயா என்று தெரியாமலே நான் விமானம் ஏறிவிட்டேன். வான்தபால் வந்து சேரவே இரண்டு கிழமை ஆகும். அப்பா பேனையை எடுப்பதற்கு அதைவிடக் கூட நாள் வேண்டும். வீட்டில் என்னைவிட அதிகமாகத் தவித்தது றெனாட்டதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆளைக் கண்டுபிடித்தவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

2

நான் அறுபதுகளின் நடுவில் இங்கே பயிற்சிக்கு வந்தவன். சுரங்கத்துக்கு இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் கீறுகிறேன். காலையில் டிராமில் போய் மாலையில் டிராமில் வருவேன். சாளரப் படியில் எந்நேரமும் கரித்தூசி படிந்திருக்கும். கலியாணம் முடித்து நாலு வருடம். மோகன் என்று ஒரு மகன். அவனுக்கு ஜேர்மன் மட்டும்தான் வாயில் வருகிறது. நான் தமிழில் கூப்பிட்டால் ஏதோ புதுப் பூனை சத்தம் கேட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறான். போன வருடம் அம்மாவின் படத்தைக் காட்டி "இது யார்?" என்று கேட்டேன். "இந்தியா" என்றான். 

கலியாணத்தைப் பற்றி நான் வீட்டுக்கு ஒளிக்கவில்லை. முதல் கிழமையே எழுதினேன். அப்பா ஒரு வருடம் பேசாமல் இருந்தார், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மழையைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் எழுதத் தொடங்கினார். தவமணி மட்டும் கடைசி வரியில் 'அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ' என்று போடுவாள். றெனாட்ட அந்த வரியை மட்டும் காட்டச் சொல்லி விரலால் தொட்டுப் பார்ப்பாள். எழுத்துகள் முறுக்குப்போல இருக்கின்றனவாம்.

விமானச் சீட்டு வாங்கி ஊருக்குப் போக எனக்கு வசதி இருக்கவில்லை. அப்போதுதான் சிறிய பயணக் கம்பனி ஒன்று, இலங்கைப் பழம்பெருமைகளைப் பார்க்கப் போகும் கூட்டத்துக்கு மொழி தெரிந்த ஒருவரைத் தேடியது. அந்த இடங்களெல்லாம் தெரியுமா என்று கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்றேன். உள்ளதைச் சொன்னால், அனுராதபுரம் எனக்கு ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். கொழும்புக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நான் நித்திரையில் இருப்பேன். என் நாட்டின் இடிபாடுகளை நான் எசன் நகர நூலகத்தில், தடித்த ஜேர்மன் புத்தகங்களில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

வெளிநாட்டார் கந்தோரில் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்கப் போனேன். அதிகாரி கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "சொந்த நாட்டுக்கு விடுமுறையில் போகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா?"

"இரண்டுக்கும்."

"இரண்டுக்கும் சேர்த்துக் கட்டம் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. கடைசியில் பாவம் பார்த்து விடுமுறை என்ற கட்டத்தில் அவரே புள்ளடி போட்டார்.

3

ஜேர்மன்காரரோடு இடிபாடு பார்ப்பது ஒரு தனிக் கலை. முதல்நாள் இரவே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, நாங்கள் சொல்வது சரியா என்று பார்ப்பார்கள். சிகிரியாவில் ஒருவர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, பாதியில் மனைவி ஏதோ கேட்டதால் கணக்கைத் தவறவிட்டு, திரும்பக் கீழே போய் முதலிலிருந்து ஏறினார். பொலன்னறுவையில், படுத்திருக்கும் புத்தரின் முன்னால், செருப்பைக் கழற்றுங்கள் என்று சொல்ல வந்த நான், பதற்றத்தில் உடுப்பைக் கழற்றுங்கள் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் மிக மரியாதையாக, "முழுவதுமா?" என்று கேட்டார்.

கம்பனி கண்டிப்பாக ஒரு விதி போட்டிருந்தது. பயணிகள் வெளியே எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. யாருக்காவது வயிறு குழம்பினால் நான்தான் பொறுப்பு. காலையும் மாலையும் பஸ்ஸில் எழுந்து நின்று அதையே ஓதினேன். ஹோல்ட்காம்ப் அம்மையார் ஒவ்வொரு முறையும் வகுப்பறையில்போல் தலையாட்டுவார். தலையாட்டுவதில்தான் அவர் முதல். பஸ்ஸுக்கு வருவதில் எப்போதும் கடைசி.

அந்தக் கற்களுக்கு நடுவே நடந்தபோது எனக்கு உண்டான உணர்ச்சியை எப்படி எழுதுவது? பெருமையும் இருந்தது, கூச்சமும் இருந்தது. கூட்டத்தில் ஒரு பல்வைத்தியர், இங்கே தமிழ் அரசரும் ஆண்டதாகப் படித்தவர், பெரிய தாதுகோபத்தைக் காட்டி, "இது உங்கள் ஆட்களுடையதா, மற்றவர்களுடையதா?" என்று கேட்டார். எங்கள் நாட்டினுடையது என்றேன். அவர் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக்கொள்ளவில்லை. திரும்பவும் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

4

இனிக் கலியாணக் கதை. மாப்பிள்ளை பாலேந்திரன், அனுராதபுரத்தில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை. அவருடைய தகப்பன் கொடிகாமத்துக்காரர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சாதகம் பொருந்தி எல்லாம் முற்றாகும் நேரத்தில், அவர் ஒரு பிடிவாதம் பிடித்தார். பெண்ணுக்கு ஒரே அண்ணன், அவன் ஜேர்மனியில். அவனைக் கண்ணால் கண்டு நாலு கேள்வி கேட்காமல் முடிவு சொல்லமாட்டாராம். கூட்டத்தை விட்டுவிட்டு நான் யாழ்ப்பாணம் போக வழியில்லை. பயணத்தின் கடைசிப் பகுதியில் அனுராதபுரத்துக்கு ஒரு முற்பகல் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு இரட்டைக் குளத்தடியில் எனக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு என்று அப்பாவுக்கு எழுதினேன்.

இரட்டைக் குளம் என்பது அந்தக் காலத்துப் பிக்குகள் குளிக்கக் கட்டிய இரண்டு கல் தடாகங்கள். நான் கூட்டத்துக்குப் படிகளைக் காட்டிவிட்டுத் திரும்பினால், மரத்தடியில் ஓலைப்பாய் விரித்து எல்லாரும் இருக்கிறார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தவமணி இரண்டு பெரிய பலகாரப் பெட்டிகளுக்குப் பின்னால் தலை குனிந்து இருந்தாள். நான் போகும்போது ஒல்லிப் பிள்ளை, இப்போது சேலையில் யாரோபோல இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா என்னை ஒரு தூணின் மறைவுக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, உன்ர கலியாணத்தைப் பற்றி அவையளுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. கேட்டால் வேலை, படிப்பு எண்டு ஏதாவது சொல்லிச் சமாளி."

"அப்பா, பிள்ளையும் இருக்கு."

"தெரியும். தவத்துக்கு இருபத்தெட்டு வயசு. இது குழம்பினால் இன்னொரு இடம் பாக்க என்னாலை ஏலாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. றெனாட்டவை இல்லாத ஆளாக்குவதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? ஆனால் அப்பாவின் சட்டைக் கழுத்து முன்னைவிட அகலமாகத் தெரிந்தது. அவர் மெலிந்துபோயிருந்தார். திரும்பிப் போய்ப் பாயில் இருந்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளை வேட்டியும் மேலே கோட்டுமாக நிமிர்ந்திருந்தார். அம்மா வடையையும் பயத்தம் பணியாரத்தையும் எடுத்து நீட்டினார். அவர் கையைக் காட்டி மறுத்தார். சம்பந்தம் முடிவாகும் மட்டும் பெண் பகுதியிடம் கை நனைப்பதில்லை என்பது நமக்குத் தெரிந்த முறைதான். இந்த மனுசன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அங்கை கோயில் குளம் எண்டு ஒண்டும் இல்லை, என்ன? சேர்ச்சுக்குப் போய் வேதத்துக்கு மாறினியளோ?"

"இல்லை ஐயா."

"கலியாணத்துக்கு வந்து மாப்பிள்ளைத் தோழனாய் நிப்பியளோ?"

"லீவு கேட்டுக் கட்டாயம் வருவன்."

மாப்பிள்ளை இந்தப் பேச்சில் சேராமல் தடாகத்தின் விளிம்பில் நின்றார். நான் பக்கத்தில் போனபோது, தண்ணீர் நேராகத் தடாகத்துக்குள் விழாமல் முதலில் ஒரு சின்னத் தொட்டிக்குள் தங்கி, மண் அடியில் படிந்த பிறகுதான் உள்ளே வரும் என்று காட்டினார். "பாருங்கோ அண்ணை, எவ்வளவு யோசிச்சுச் செய்திருக்கிறாங்கள்." அந்த 'அண்ணை' எனக்குப் பிடித்தது. இவர் தங்கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அந்த நிமிடம்தான் உண்மையாக ஆசைப்பட்டேன்.

நான் திரும்பப் பாயில் வந்து இருந்த நேரம்தான் ஹோல்ட்காம்ப் அம்மையார் தொப்பியும் கமராவுமாக வந்து சேர்ந்தார். இது என் குடும்பம் என்று அறிந்ததும் அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. எல்லாருக்கும் கை கொடுத்தார், அம்மாவுக்கு இரண்டு தரம். பிறகு ஜேர்மனில் உரத்த குரலில் தொடங்கினார்.

"றெனாட்ட இங்கே நின்றிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்! சொல்லுங்கள் இவர்களுக்கு. றெனாட்ட என்னுடைய மாணவி, றெனாட்டவைப்போல ஒரு மனைவி உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள்."

சொல்லிவிட்டு, நான் மொழிபெயர்க்கும் மட்டும் புன்னகையோடு காத்துக்கொண்டு நின்றார். மற்ற நேரங்களில் நான் இரண்டு வசனம் பிந்தினாலே அவசரப்படுத்துகிற மனுசி.

"அந்த அம்மா என்ன சொல்லுறா, தம்பி?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். "ஒரே பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சரித்திரம் முழுவதும் சொல்லத் தெரிந்த வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

"அண்ணியைப் பற்றிச் சொல்லுறா," என்று ஒரு குரல் கேட்டது. தவமணி தலையை நிமிர்த்தியிருந்தாள். "றெனாட்ட எண்டது என்ர அண்ணியின்ர பேர். அண்ணைக்குக் கலியாணமாகி நாலு வருசம். மோகன் எண்டு ஒரு பிள்ளை. அண்ணி எனக்குக் கம்பளிச் சட்டையும் பின்னி அனுப்பினவ."

யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளிச் சட்டை. அந்த இடத்திலும் எனக்கு அது உறைத்தது.

"பிள்ளை!" என்றார் அப்பா.

"இல்லை அப்பா. நாளைக்கு இவையின்ர வீட்டை போனாப் பிறகு தெரிஞ்சால் என்னைத்தான் கேப்பினம்." அவள் ஸ்டேஷன் மாஸ்டரின் பக்கம் திரும்பினாள். "கேக்கிறதை இப்பவே கேளுங்கோ, ஐயா."

ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "மறைச்சுப் போட்டியள், மாஸ்டர்," என்று அப்பாவிடம் மட்டும் சொன்னார். அப்பாவும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்தான். மாப்பிள்ளை தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தவமணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து பஸ் ஹோர்ன் அடித்தது. வெயில் ஏறுமுன் மிகிந்தலை மலைக்குப் போயாக வேண்டும். ஒரு பஸ் நிறைய ஆட்கள் என் பொறுப்பில். திரும்பவும் பிடித்திருந்த அம்மாவின் கையை என் கையிலிருந்து நானே பிரித்தேன். பஸ்ஸில் ஏறித் தலைகளை எண்ணினால் வழக்கம்போல ஹோல்ட்காம்ப் அம்மையாரைக் காணவில்லை. வெகுநேரம் கழித்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். பூ ஒன்றைப் படம் எடுத்தேன் என்றார். நான் எரிந்து விழுந்தேன்.

5

எசனுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் றெனாட்டவுக்குச் சொன்னேன். உடுப்புக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். மரத்தடிக் கதை வந்ததும் சிரிப்பு நின்றது. கை நனைக்கும் விஷயத்தை இரண்டு தரம் விளக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்படியானால் அந்தப் பெண்ணுக்குக் கலியாணம் நின்றால், அது என்னால்தானே?" என்றாள்.

"உன்னால் இல்லை. மறைத்ததால்."

"மறைத்தது என்னைத்தானே."

 அன்றிலிருந்து தபால்பெட்டியை எனக்கு முன்னால் அவள்தான் திறந்தாள். மின்சாரப் பட்டியல் வந்தது, மோகனுக்குத் தடுப்பூசி ஓலை வந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

போன சனிக்கிழமை மோகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் படம் பார்க்கப் போனோம். றெனாட்ட முன் வரிசையில் இருந்தாள். அவளுக்குத் தவமணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் யானை, பிறகு நுளம்புவலை கட்டிய ஹோட்டல் கட்டில், பிறகு யானை. சிகிரியா தலைகீழாக வந்தது, திருப்பிப் போட்டார்கள். ஒரு வழியாக இரட்டைக் குளம் வந்தது. அடுத்ததில் மரத்தடி.

"இவளா?" என்று றெனாட்ட கேட்டாள். ஆம் என்றேன். அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

ஹோல்ட்காம்ப் அம்மையார் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த படத்துக்கு முதல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வழிகாட்டி கோபிக்கக் கூடாது. அன்று நான் பூவைப் படம் எடுக்கவில்லை."

பொத்தானை அழுத்தினார். திரை நிறைய ஸ்டேஷன் மாஸ்டர். ஓலைப்பாயில் சம்மணம் கட்டி, ஒரு கன்னம் புடைத்திருக்க, கையில் பாதி வடையோடு.

"இந்தக் கனவான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் என்னை மறித்தார்," என்றார் அம்மையார். "ஆங்கிலத்தில், என் ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலத்தில், நீங்கள் யார் என்று கேட்டார். ஆசிரியை என்றேன். றெனாட்டவை எப்படித் தெரியும்? சிறுமியாக இருந்தபோது படிப்பித்தேன். பிறகு ஒரே கேள்விமயம். பொய் சொல்வாளா, பெரியவர்களை மதிப்பாளா, கெட்டிக்காரியா? மற்றதெல்லாம் திறம், கணக்கில் மட்டும் படுமோசம் என்று உள்ளதைச் சொன்னேன். அதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்த சிரிப்பு! தன் மகனை நோக்கி ஏதோ சத்தமாகச் சொன்னார், நேரே போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தார், கையை நீட்டினார். அவள் எனக்கும் ஒன்று தந்தாள். சுடச்சுட இல்லை, ஆனாலும் அவ்வளவு ருசி. வெளியே சாப்பிடக் கூடாது என்று நீங்கள் ஓதியிருந்தீர்கள். அதனால்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை."

 யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசினால் தெருத் தெருவாய் விசாரிப்பார்கள். மனுசன் அந்த இடிபாட்டுக்குள்ளும் ஒரு வாத்தியாரைப் பிடித்து விசாரித்திருக்கிறார்! குறையையும் ஒளிக்காமல் சொன்ன சாட்சியை நம்பியிருக்கிறார்.

றெனாட்டவின் நகங்கள் என் கையில் பதிந்தன.

"சாப்பிடுகிறார்," என்றாள். "அவர் சாப்பிடுகிறார்தானே?"

 தலையை ஆட்டினேன்.

அம்மையார் அடுத்த படத்துக்குக் கையைக் கொண்டுபோனார். "வேண்டாம், மிஸ்," என்றாள் றெனாட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைபோல. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்." படம் காட்டும் கருவியின் விளக்குச் சூட்டில் படம் நெளிந்துவிடும் என்று அம்மையார் எச்சரித்தார், ஆனாலும் கையை எடுத்துக்கொண்டார். படம் நின்றது. ஆட்கள் கதிரைகளில் அசைந்தார்கள். பாற்கட்டித் தட்டு இருட்டில் ஒருமுறை சுற்றி வந்தது.

"ஒரு கிழவர் ஏதோ தின்கிறார். இதில் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது?" என்று பின்வரிசையில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

றெனாட்ட கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் மச்சாளின் கலியாணம்," என்றாள்.